தராக்கோலின் கடைசி நாற்றங்கால்

அக்கா போட்ட சோறு கரண்டியில் ஒட்டியது. முதல் வாயிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. புது நெல்லின் சோறு ஒட்டாது. கிண்ணத்தில் உதிர்ந்து கிடக்கும். வாயால் ஊதினால் மேலே இருக்கும் பருக்கைகள் நகரும். இதுவோ ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு பளபளவென்று இருந்தது. இந்தப் பழைய நெல்லை இனி யாரும் விதைக்கக் கூடாது என்று எங்கள் வட்டார அலுவலகம் சொல்லி இரண்டு வருடம் முடிந்து மூன்றாவது நடந்துகொண்டிருந்தது. தராக்கோல் கிராமத்தில் அதன் நாற்று ஒன்றுகூட இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியவன் நான்.

“எங்கேர்ந்துக்கா இந்த அரிசி?”

“வாயில வெச்சதுக்கப்புறம் என்ன விசாரணை? முழுங்கு.” அக்கா ஜோம்ரே கிம்ச்சி ஊறுகாய்ப் பாத்திரத்தை என் பக்கம் தள்ளினாள். “ஆபீஸரா வந்தியா, தம்பியா வந்தியா? ஆபீஸர்னா கிண்ணத்தக் குடு. மாவுக் கஞ்சி இருக்கு, ஊத்தறேன்.”

நான் தம்பியாகத்தான் சாப்பிட்டேன். இரண்டாவது கிண்ணமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

எழுபத்தெட்டாம் வருடத்து ஏப்ரல் அது. அலுவலகச் சுவரில் எங்கள் வட்டாரத்தின் பதினான்கு கிராமங்களும் பென்சிலால் வரைந்த ஒரு வரைபடம் தொங்கியது. ஒரு கிராமம் முழுக்கப் புது நெல்லுக்கு மாறியதும் தலைமை எழுத்தர் குவாக் எழுந்துபோய் அதற்குச் சிவப்பு மை பூசுவார். மையைப் பூசும்போது நாக்கை வெளியே நீட்டிக்கொள்வார், பள்ளிக்கூடப் பையனைப் போல. அவருக்கு வயிற்றுப்புண். நாள் முழுக்க வெள்ளை மாத்திரையைச் சப்பிக்கொண்டே இருப்பார். கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். ஆளுக்கொரு கிராமம் என்று பிரித்துக் கொடுத்தபோது, “உங்க அக்கா வாக்கப்பட்ட ஊருதானே, சொன்னா கேப்பாங்க” என்று தராக்கோலை எனக்குக் கொடுத்தார். அதை உதவியாக நினைத்துத்தான் செய்தார்.

நான் தற்காலிக எழுத்தன். அதற்கு முன் சியோலுக்குப் பக்கத்தில் ஒரு நூல் மில்லில் இரண்டு வருடம் இரவு ஷிப்டில் எந்திரங்களுக்கு எண்ணெய் போட்டேன். பகலில் பள்ளிக்கூடம் போகலாம் என்று சொல்லித்தான் தரகர் கூட்டிப்போனார். போனேன். மேசையில் தலைவைத்துத் தூங்கினேன். ஆறு மாதத்தில் பள்ளிக்கூடம் நின்றது, மில் நிற்கவில்லை. நூல் அறாமல் இருக்க உள்ளே ஈரப்புகை விட்டுக்கொண்டே இருப்பார்கள். மழைக்காலத்துச் சமையலறை போல இருக்கும். பெண்பிள்ளைகள் அறுந்த நூலைத் தேடித்தேடி முடிச்சுப் போட்டுக்கொண்டு வரிசை வரிசையாக நடப்பார்கள். விழித்திருக்க மாத்திரை தருவார்கள். மாத்திரை போட்டவர்களுக்குக் கண் திறந்தே இருக்கும், ஆள் உள்ளே இருக்கமாட்டாள். அங்கே கேண்டீனில் போட்டது புது நெல்லின் சோறு. ஊதித்தான் சாப்பிடுவோம், சூட்டுக்காக அல்ல, விளையாட்டுக்கு. ஒருநாள் ஷிப்டு முடிந்து விடுதிக்குப் போகாமல் ரயில் ஏறி உட்கார்ந்தேன். தூங்கிவிட்டேன். எழுந்தபோது ஊர் வந்திருந்தது. ஓடிவந்தேன் என்று சொன்னால் அதில் ஒரு வீரம் இருக்கும். அது இல்லை. மூன்று மாதம் காதுக்குள் எந்திரம் ஓடியது.

திரும்பி அங்கே போவதைத் தவிர வேறு எதையும் செய்வேன் என்றுதான் அந்த நாட்களில் இருந்தேன். எதையும் என்று நினைக்கும்போது அது இன்னதாக இருக்கும் என்று யாரும் நினைப்பதில்லை.

என் அக்கா புருஷன் பான்சோக் புது நெல்லை வெறுத்தவர் இல்லை. இதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பிற்பாடு எல்லோரும் அந்த நெல்லே ஏமாற்று என்று பேசினார்கள். ஏமாற்று இல்லை. தராக்கோலில் அதை முதலில் நட்டவர் அவர்தான். சாலையோரம் இருந்த கீழ்வயலில் நட்டார். குட்டையாக, தடித்த தாளோடு, ஒரு தூருக்கு இரண்டு மடங்கு கதிரோடு நின்றது. பார்க்க வந்தவர்கள் வரப்பிலேயே உட்கார்ந்து மக்கொல்லி என்ற அரிசிக் கள்ளைக் குடித்துவிட்டுப் போனார்கள். கூரை வைக்கோலை இறக்கிவிட்டு ஓடு போட்டார். மகள் மியோங்ஹியை டவுனில் உயர்நிலைப் பள்ளியில் சேர்த்தார். தராக்கோலிலிருந்து அந்தப் படிப்புக்குப் போன முதல் பெண் அவள்.

ஆனால் வருடத்துச் சோறு கீழ்வயலில் இல்லை, மேல்வயலில் இருந்தது. அது மலை இடுக்கில் இருக்கும் வயல். பாறையிலிருந்து வரும் ஊற்றுத் தண்ணீர்தான் அதற்கு. மதியம் மூன்று மணிக்கெல்லாம் வெயில் போய்விடும், காலையில் பத்து மணிவரை பனிமூட்டம் விலகாது. போன வருடம் அங்கேயும் புது நெல்லை நடச்சொன்னார்கள். நட்டார். மடைவாயிலிருந்து பாதி வயல்வரை இலை மஞ்சளாகி, கதிர் வெளியே வரமுடியாமல் உறைக்குள்ளேயே நின்றுவிட்டது. நடுவில் யாருக்கும் தெரியாமல் நாலு வரிசை பழைய நெல் வைத்திருந்தார். அது மட்டும் விளைந்தது. நான் சாப்பிட்ட இரண்டு கிண்ணமும் அந்த நாலு வரிசைதான்.

“அது வெயில் தேசத்து நெல்லு மாப்ள,” என்றார் மாமா, அன்றைய சாப்பாட்டின் முடிவில், கிண்ணத்தில் மிஞ்சியிருந்த பருக்கைகளைச் சுடுதண்ணீர் ஊற்றிக் கலக்கிக் குடித்தபடி. “காலு சில்லுனு இருந்தா அதுக்குத் தூக்கம் வராது. கீழ்வயல்ல போடு, தங்கமா வெளையும். மேல போட்டா குளுரு காய்ச்சல்ல படுத்துக்கும். உங்க குவாக் ஒரு தடவ வந்து அந்தத் தண்ணில பத்து நிமிஷம் நிக்கட்டும். அப்பறம் அவரு என்ன சொன்னாலும் கேக்கறேன்.”

“அது மட்டுமா?” என்றாள் அக்கா.

அவர் கொஞ்சம் வெட்கப்பட்டார். “அப்பாவோட திதி அன்னிக்கு, படையல் கிண்ணத்துல அந்தப் புது நெல்லுச் சோத்தக் கூம்பா குவிக்கணும்ல. சரிஞ்சுது. மறுபடி குவிச்சேன், மறுபடி சரிஞ்சுது. மூணு தடவ. சித்தப்பா பெரியப்பா எல்லாம் பின்னால கைகட்டிட்டு நிக்கறாங்க. செத்தவரு என்ன நெனப்பாரு? பையன் கைல தெம்பில்ல, பாவம்னு நெனப்பாரு.”

“செத்தவரு ஒண்ணும் நெனைக்கல. உங்க பெரியப்பாதான் நெனச்சாரு,” என்றாள் அக்கா. “வாய விட்டும் சொன்னாரு.”

கிளம்பும்போது அவள் வாசல்வரை வந்தாள். மேலே பைன் தோப்புக்குப் பின்னால் பழைய நெல்லுக்கு நாற்றங்கால் போட்டிருப்பதை அப்போதுதான் சொன்னாள். மேல்வயல் முழுக்க நடுவதற்கான நாற்று. ஒளித்துச் சொல்லவில்லை, கோழி முட்டையிட்டதைச் சொல்வதுபோலச் சொன்னாள். “நீதான ஊருக்கு ஆபீஸர். பாத்தும் பாக்காதவனாட்டம் இரு. போன வருஷம் மாதிரி இந்த வருஷமும் மேல்வயல் ஏமாத்திருச்சுன்னா, மியோங்ஹிய மில்லுக்கு அனுப்பறதத் தவிர வேற வழி இல்ல. தரகன் ரெண்டு தடவ வந்து திண்பண்டம் குடுத்துட்டுப் போயிருக்கான். அவகிட்ட ரொம்ப மரியாதையா பேசறான்.”

“நான் எதையும் பாக்கலக்கா,” என்றேன். அதைச் சொன்னபோது பொய்யாகச் சொல்லவில்லை.

மே மாதத்தின் முதல் வாரத்தில் வரைபடத்தில் தராக்கோல் மட்டும் வெள்ளையாக இருந்தது. பத்தாம் தேதி மாவட்டத் தலைமையிலிருந்து ஆள் வருவதாக இருந்தது. குவாக் என்னைத் தன் மேசைக்குக் கூப்பிட்டார். எதிரே உட்காரச் சொன்னார். அவர் உட்காரச் சொன்னால் விஷயம் பெரிது.

“உங்க ஊர்ல பைன் தோப்புக்குப் பின்னால தவள கத்துதாமே?”

நான் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தேன்.

“தண்ணி இல்லாத எடத்துல தவளைக்கு என்னப்பா வேலை?” மாத்திரையைக் கன்னத்தின் மறுபக்கத்துக்கு மாற்றினார். “யாரு சொன்னாங்கன்னு கேக்காத. பக்கத்து வீட்டுக்காரனோட பழைய நாத்த நம்ம ஆளுங்க மிதிச்சு அழிச்சிருந்தா, தன் நாத்து போனதுக்கு அடுத்தவன் நாத்தும் போகணும்னு நெனப்பான். அது மனுஷ சுபாவம். இங்க பாரு, ஆளுங்கள அனுப்பி நான் மிதிச்சா அது அரசாங்கம். உங்க மாமாவுக்குத் தலைவலி, ஆஃபீஸ் கேஸு, போலீஸு. நீ மிதிச்சா குடும்ப விஷயம். சாயங்காலம் மக்கொல்லி வாங்கிக் குடுத்தா சரியாப் போயிடும்.”

“அந்த வயல் தண்ணி குளுருங்க. புது நெல்லு அங்க—”

“தெரியும்.”

நான் அவரைப் பார்த்தேன்.

“எனக்கும் வயல் இருந்துதுப்பா. தெரியும். ஆனா அந்த வரைபடத்துல தண்ணி சூடா குளுரான்னு காட்ட கலர் இல்லியே. செவப்பு ஒண்ணுதான் குடுத்திருக்காங்க.” குரலைத் தாழ்த்தினார். “லட்சக்கணக்குல ஜனங்க மில்லுலயும் ஒர்க்‌ஷாப்புலயும் நிக்குது. சோறு மலிவா இருந்தாத்தான் கூலியக் கொறச்சுக் குடுக்கலாம். கூலி கொறஞ்சாத்தான் சாமான் கப்பல் ஏறும். இத எனக்கு யாரும் சொல்லல, நானே கண்டுபிடிச்சேன். அதுக்கு முன்னாடி உங்க மாமாவோட ஒரு வயலு எந்த மூலைக்கு? அப்புறம் இன்னொண்ணு. இங்க மூணு பேரு தற்காலிகம். நிரந்தரம் ஒரு எடம்தான் வந்திருக்கு. மத்த ரெண்டு பேரோட ஊரும் செவப்பாயிடுச்சு.”

அன்று மாலை நடந்தபோது எனக்குள் நிறையக் காரணங்கள் இருந்தன. போன வருடத்து நெல் வேறு, இந்த வருடம் வந்திருப்பது இன்னும் புதிய ரகம், குளிர் தாங்கும் என்று துண்டறிக்கையில் போட்டிருக்கிறது. நான் மிதிக்காவிட்டால் நாளை நாலு பேர் வந்து மிதிப்பார்கள். ஒவ்வொன்றும் உண்மைதான். ஆனால் இவற்றையெல்லாம் அடியில் ஒன்று தாங்கிக்கொண்டிருந்தது. ஈரப்புகைக்குள் எண்ணெய்க் குப்பியோடு நிற்கும் நான். அவனைத் திரும்பப் பார்க்க எனக்கு விருப்பமில்லை.

மறுநாள் காலையில் போனேன். பனிமூட்டம் விலகியிருக்கவில்லை. மாமா வரப்பில் குந்தி உட்கார்ந்து சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார். நான் வருவேன் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எப்படி என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நாற்றங்கால் ஒரு பெரிய வீட்டின் அளவுக்கு இருந்தது. விரல் உயரத்துக்கு நாற்று, ஒவ்வொரு நுனியிலும் ஒரு துளி. அவ்வளவு நெருக்கமாக, சமமாக. எழுந்து தடுப்பார் என்று எதிர்பார்த்தேன். தடுத்திருந்தால் திரும்பிப் போய் “அடிக்க வந்துட்டாருங்க” என்று சொல்லியிருக்கலாம்.

“செருப்பக் கழட்டிட்டு எறங்கு மாப்ள,” என்றார். “சேறு ஆழம்.”

கழற்றினேன். காற்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டினேன். இறங்கியதும் தண்ணீரின் குளிர் கணுக்கால் எலும்புக்குள் ஏறியது. பற்கள் கூசின. அவர் சொன்ன அத்தனையும் உண்மை என்று அந்த நொடியில் என் கால்களுக்குத் தெரிந்துவிட்டது. துண்டறிக்கை எழுதியவன் இந்தத் தண்ணீரில் நின்றதில்லை. நான் நின்றுகொண்டிருந்தேன். நிறுத்தவில்லை. ஒரு ஓரத்திலிருந்து ஆரம்பித்தேன். நாற்று காலடியில் எதிர்ப்பே இல்லாமல் படுத்தது. விரல்களுக்கு இடையில் நழுவி மேலே வந்ததை மறுபடி உள்ளே அழுத்தினேன். பாதி முடிந்தபோது கால் மரத்துவிட்டது. அது உதவியாக இருந்தது.

அக்கா வந்ததை நான் கவனிக்கவில்லை. நிமிர்ந்தபோது நாற்றங்காலின் நடுவில் நின்றுகொண்டிருந்தாள். பாவாடை தண்ணீரில் ஊறிக் கறுத்துக்கொண்டிருந்தது. அழவில்லை. கையில் காய் நறுக்கும் கத்தி இருந்தது. வேலை நடுவில் எழுந்து வந்திருக்கிறாள், அவ்வளவுதான். ஆனால் அதைக் கீழே வைக்கவும் அவளுக்குத் தோன்றவில்லை.

“ரெண்டு கிண்ணம் தின்னியேடா,” என்றாள்.

நான் குனிந்துகொண்டேன். அவளைச் சுற்றி மிதித்துக்கொண்டு போனேன். வட்டமாக. அவள் நகரவில்லை. வட்டம் சின்னதாகிக்கொண்டே வந்தது. கடைசியில் என் தோள் அவள் முழங்கையில் இடித்தது. அதற்குமேல் போக முடியவில்லை. கரையேறினேன். ஒரு பாய் விரிக்கும் அளவுக்குப் பச்சையாக ஒரு வட்டம், நடுவில் அக்கா, மற்றதெல்லாம் சேறு.

மாமா சிகரெட்டை மண்ணில் அணைத்துவிட்டு, “காலக் கழுவிட்டுப் போ. ஆபீஸ்ல சேறோட நிக்காத,” என்றார்.

மதியம் குவாக் வந்து பார்த்தார். பைன் மரத்தடியில் மூச்சு வாங்க நின்றார். “அது என்ன, நடுவுல?”

“அக்கா நின்ன எடமுங்க.”

வெகுநேரம் பார்த்தார். பிறகு சட்டைப்பையைத் துழாவி ஒரு மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டார். “சரி. நூறுன்னே எழுது.”

அலுவலகத்தில் உபரியாக வளர்த்திருந்த புது நாற்றை லாரியில் ஏற்றிக் கொடுத்தோம். மாமா நட்டார். நன்றாகவே நட்டார், அவருக்கு வேறு மாதிரி நடத் தெரியாது. அந்த வட்டத்தில் மிஞ்சிய நாற்றை அக்கா பிடுங்கி மடைவாய் ஓரமாக ஒரு மூலையில் வைத்தாள். நான் பார்த்தேன், எழுதவில்லை. சாலையோரத்தில் ‘புது நெல் நூறு சதவீதக் கிராமம்’ என்று பலகை நட்டோம். மாவட்டத்திலிருந்து வந்தவர் காரில் இருந்தபடியே பார்த்துவிட்டுப் போனார்.

ஜூலையில் யாருக்கும் எந்தக் குறையும் இல்லை. ஆகஸ்டில் பதினேழு நாள் மழை. கதிர் வெளிவரும் சமயம் இரவில் குளிர்ந்தது. முதலில் இலையில் பழுப்புக் கண்கள் மாதிரி புள்ளி வந்தது. மருந்து அடித்தோம். ஒலிபெருக்கியில் காலையும் மாலையும் மருந்து அடிக்கச் சொன்னோம். செப்டம்பரில் கதிரின் கழுத்தில் கறுப்பு வளையம் விழுந்தது. கழுத்துக் குலைநோய். கழுத்து கறுத்தால் மேலே பால் ஏறாது. ஒரு வாரத்தில் மேல்வயல் வெளுத்தது. தூரத்திலிருந்து பார்த்தால் சீக்கிரம் விளைந்துவிட்டது போலத் தோன்றும். கிட்டே போனால் தெரியும்: கதிர்கள் குனியவில்லை. உள்ளே ஒன்றும் இல்லாததால் எல்லாம் நிமிர்ந்து நின்றன. கீழ்வயலும் தப்பவில்லை. தராக்கோல் மட்டுமல்ல, வரைபடத்தில் எங்கெல்லாம் சிவப்பு அடர்த்தியோ அங்கெல்லாம் அப்படித்தான். ஒரே நெல்லை ஒரே சமயத்தில் இவ்வளவு நெருக்கமாக நட்டதால் நோய்க்கு நடக்க வரப்புகூடத் தேவைப்படவில்லை.

குவாக் என்னிடம் பாதிப்பு அறிக்கையைக் கொடுத்தார். சதவீதம் என்ற கட்டம் ஏற்கெனவே நிரப்பியிருந்தது. ஒற்றை இலக்கம். நான் கீழே பெயரை எழுதினேன். அதே வாரத்தில் என் நிரந்தர உத்தரவும் வந்தது. அம்மா கோழி அடித்தாள்.

பலகையைப் பிடுங்கச் சொல்லித்தான் அன்று தராக்கோலுக்கு அனுப்பினார்கள். அதைப் பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டு மேல்வயலுக்குப் போனேன். ஏன் போனேன் என்று தெரியாது. மாமா அரிவாளோடு நின்றிருந்தார். மாட்டுக்காவது ஆகட்டும் என்று அறுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஒரு கதிரை ஒடித்து உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தார். கையை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“ஊது மாப்ள.”

ஊதினேன். கை காலியானது.

“ஊதுனா பறக்கற சோறு ஊதுனா பறக்கற சோறுன்னு கேலி பண்ணோம். அரிசி வரைக்கும் போக வேண்டியதில்ல பாரு, நெல்லுலயே பறக்குது. விஞ்ஞானம்.” சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. அடக்கமுடியாமல் சிரித்தேன்.

மடைவாய் ஓரத்தில், தண்ணீர் மிகக் குளிர்ந்து விழும் இடத்தில், அக்கா வைத்த பழைய நெல் நின்றது. அதிலும் சில கதிர் போயிருந்தது. மற்றவை கனத்து, ஒன்றின்மேல் ஒன்றாகச் சாய்ந்து கிடந்தன. அறுத்தால் ஒரு முறம் இருக்கும். மூவருமே அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டோம். மூவர் என்றேன், மியோங்ஹியும் வந்திருந்தாள், கட்டுகளைக் கட்டிக்கொண்டிருந்தாள். பள்ளிச் சீருடையின் மேல் அப்பாவின் சட்டை. அன்று பள்ளிக்கூட நாள்.

திரும்பும்போது பைன் தோப்புவரை என்னோடு வந்தாள். “மாமா, மில்லு எப்படி இருக்கும்?”

அவளிடம் சொல்ல என்னிடம் இரண்டு வருடம் இருந்தது. மாத்திரை இருந்தது, கண் திறந்தபடி நடந்தவர்கள் இருந்தார்கள். அவளுக்குப் பதினாறு வயது. தரகர் ஏற்கெனவே மூன்றாவது முறை வந்துபோயிருந்தார். சொல்லி ஆகப்போவது என்ன?

“உள்ள குளுரே தெரியாது,” என்றேன். “குளுருகாலத்துலகூட கை வெறைக்காது.”

“அப்பா மாதிரியே பேசறீங்க,” என்றாள். “நல்லதா ஒண்ணு தேடி எடுத்துச் சொல்றீங்க.” தோளில் இருந்த பலகையைத் தட்டினாள். “இது எதுக்கு?”

“ஆபீஸுக்கு.”

“குடுத்துட்டுப் போங்க. வாய்க்காலுக்குக் குறுக்கப் போடலாம். அம்மா வழுக்கி விழறா.”

கொடுத்தேன். எழுத்துப் பக்கம் மேலே வரும்படி போட்டாள். மேலே ஏறி நின்று, தாங்குகிறதா என்று இரண்டு முறை குதித்துப் பார்த்தாள்.

அக்டோபரில் அவள் போனாள். சந்திர வருடப் பிறப்பு முடிந்ததும் அக்காவும் மாமாவும் கிளம்பத் தயாரானார்கள். மாட்டை விற்றார்கள். கீழ்வயல் கைமாறியது. மேல்வயலை யாரும் கேட்கவில்லை. பிப்ரவரியின் கடைசியில் ஒரு காலை, அலுவலகக் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு மாமா வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். என் மேசை இப்போது முன்வரிசையில் இருந்தது, மக்கள் நிற்கும் தடுப்புக்கு நேராக.

“குடி மாறிப் போற பத்தரம் வேணும் சார்,” என்றார்.

அறையில் அப்போது வேறு யாரும் இல்லை. குவாக்கும் இல்லை. யாரை நினைத்து அப்படிச் சொன்னார் என்று பார்க்க என்னையறியாமல் பின்னால் திரும்பினேன்.

“மாமா, உள்ள வந்து உக்காருங்க. அடுப்பு எரியுது.”

“இருக்கட்டும் சார். பஸ்ஸு வந்துரும்.”

கோபமாகச் சொல்லியிருந்தால் அதைத் தாங்கிக்கொண்டிருப்பேன். கோபம் இல்லை. வட்டார அலுவலகத்தில் தடுப்புக்கு அந்தப் பக்கம் நிற்பவர் எப்படிப் பேசவேண்டுமோ அப்படிப் பேசினார். படிவத்தை எடுத்தேன். பெயர் எழுதினேன். போகும் இடம் கேட்டேன். “பொண்ணு மில்லுக்கு எதுத்தாப்ல. கதவு நம்பர் இல்லியாம், கேட்டுக்கு எதுத்த சந்துன்னா தெரியும்னா. எனக்கும் அங்கேயே மூட்ட தூக்க சொல்லிருக்காங்க.” எழுதினேன். தொழில் என்ற கட்டத்தில் கை பழக்கமாக ‘விவசாயம்’ என்று எழுதிவிட்டது. இந்த மேசைக்கு வருகிற எல்லோருக்கும் அதுதான் எழுதுவேன்.

தலைகீழாகவே படித்துவிட்டார். “அத அடிச்சிருங்க சார்.”

“என்ன போடட்டும்?”

யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், கண்ணைச் சுருக்கி. “அங்க போனாத்தான தெரியும்,” என்றார். “விட்டுருங்க.”

கோடு போட்டு அடித்தேன். பக்கத்தில் ஒன்றும் எழுதவில்லை. பையிலிருந்து மர முத்திரையை எடுத்து, வாயால் ஆவி விட்டு, நான் காட்டிய இடத்தில் அழுத்தினார். நானும் என் முத்திரையைக் குத்தினேன். இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டு தலை வணங்கினார். நானும் எழுந்து நின்றேன்.  அவர் அதற்குள் தொப்பியைப் போட்டுக்கொண்டு கதவுக்குப் போய்விட்டார்.

சாலைக்கு எதிர்ப்பக்கம் பஸ் நிற்கும் இடம். என் ஜன்னலிலிருந்து தெரியும். அக்கா போர்வை மூட்டையின் மேல், அலுவலகத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். அவள் உள்ளே வரவில்லை. மாமா அவளிடம் பத்திரத்தைக் கொடுத்தார், அவள் ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள். பஸ் வரவில்லை. மாமா கொஞ்சநேரம் சாலையைப் பார்த்தார். பிறகு, பஸ் நிறுத்தத்தை ஒட்டியிருந்த பார்லி வயலைப் பார்த்தார். அது யாருடையது என்று எனக்கே தெரியாது. குளிரில் மண் உறைந்து பொருமித் தூக்கிக்கொண்டு நின்றது. பார்லி முளைகளின் வேர் மண்ணைப் பிடிக்காமல் தொங்கும் சமயம் அது. மிதித்துவிட வேண்டும். மிதிக்காவிட்டால் காய்ந்துவிடும். இந்த வருடம் பலர் மிதிக்கவில்லை, ஆள் இல்லை.

அவர் வயலில் இறங்கினார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். பக்கவாட்டில் சின்னச்சின்ன அடியாக வைத்து, ஒரு காலை ஒட்டி இன்னொரு காலாக, ஒரு முளையும் விடாமல் முதல் வரிசையை மிதித்துக்கொண்டு போனார். அவசரப்படவில்லை. அக்கா திரும்பி ஏதோ கத்தினாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கேட்கவில்லை. பஸ் வந்தது. அக்கா மூட்டையை ஏற்றினாள். கண்டக்டர் பெண் படியில் தொங்கிக்கொண்டு பஸ்ஸின் பக்கத்தைப் படபடவென்று தட்டினாள், வயலைக் காட்டிக் கையை ஆட்டினாள். டிரைவர் ஹாரன் அடித்தான். மாமா வரிசையின் கடைசிவரை போனார். அங்கே நின்று, திரும்பி, அடுத்த வரிசையில் கால் வைத்தார்.